கட்டைவிரலுக்கு ஜிகினாப் பூச்சு

கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பொங்கலும் கிடையாது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன எனக்கு, கல்யாணமான முதல் வாரத்திலேயே இது புரிந்துவிட்டது. விருந்துச் சாப்பாட்டின் ஏப்பம் அடங்குவதற்குள் கையில் முட்டை அட்டையைக் கொடுத்துவிட்டார்கள்.

நான் சொல்வது எண்பதுகளின் நடுவில். அப்போது எங்கள் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கொட்டகை போட்டுக் கூண்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது பெரிய பண்ணை இல்லை. வீட்டுக்காரர், அவருடைய அம்மா, நான் ஆகிய மூன்று பேரும்தான் ஆள்காரர்கள், மூன்று பேரும்தான் முதலாளிகள். தீவனம் கலக்க வேண்டும், தண்ணீர் ஓடும் தகரத்தைக் கழுவ வேண்டும், காலையும் மாலையும் முட்டை எடுக்க வேண்டும். நடுவில் சோறாக்க வேண்டும். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கெட்ட மனுஷி இல்லை. அவருக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. அலுத்துப்போன இரண்டு பேர் ஒரே அடுப்படியில் புழங்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தோம்.

கொட்டகைக்குள் போவதற்கு ஒரு சட்டம் இருந்தது. தினமும் ஒரே நிறத்து உடுப்பு. என்னுடையது சாயம் போன ஒரு பச்சைச் சேலை, அதற்குமேல் வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டை. கூண்டுக் கோழி பழகின நிறத்தைத்தான் நம்பும். புதுச் சேலையோடு உள்ளே போனால் வரிசை முழுக்கப் படபடவென்று இறக்கையடித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கத்தி ஊரைக் கூட்டிவிடும். மிரண்ட கோழி முட்டையைக் குறைக்கும் என்று பண்ணை வைத்திருந்த எல்லோருமே சொல்வார்கள். ஒறம்பரை என்று விருந்தாளிகள் யாராவது வந்து கொட்டகையைப் பார்க்க ஆசைப்பட்டால் அத்தை வாசலிலேயே மறித்துவிடுவார். "கட்டம் போட்ட சட்டையோட உள்ள போவாதீங்க சாமி, கோளி மெரளும்" என்பார். என் கல்யாணச் சேலைகள் பெட்டிக்குள் கிடந்தன. அலங்காரம் என்று எனக்கு இருந்ததெல்லாம் அந்தக் காக்கிச் சட்டைதான்.

எனக்கு ஒரே தங்கை. பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வெற்றிலையைக் கட்டைவிரல் நகத்தால்தான் கிள்ளுவோம். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் வலது கட்டைவிரல் நகம் மட்டும் கறுத்து, தேய்ந்து, வேறு யாருடைய விரலோ தவறி வந்து ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். கொடிக்காலை விட்டு வந்த பிறகு என் நகம் தேறிக்கொண்டது. தங்கைக்கு மட்டும் நடுவில் நீளவாக்கில் ஒரு பிளவு விழுந்துவிட்டது. வெட்டினாலும் அடுத்த வளர்த்தியில் அதே இடத்தில் வந்து நின்றது.

அவளுக்கு மாப்பிள்ளை சேலத்தில் அமைந்தது. உத்தியோகக்காரர், டவுன் வீடு. நிச்சயத்தன்று அவள் வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். தாம்பூலத் தட்டை இடது கையால் வாங்கப் போய் எல்லோர் முன்னாலும் அம்மாவிடம் வசவு வாங்கினாள். அதன்பிறகு என்னை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, கல்யாணத்தன்னைக்கு அவிய ஊட்டுப் பொம்பளைங்க எல்லாரும் கையப் புடிச்சுத்தான் பேசுவாங்க. இந்த நெகத்தப் பாத்தா என்ன நெனப்பாங்க? நீ மூணு நாளைக்கு முன்னாலயே வந்துரோணும். நீதான் போட்டு உடோணும்."

போட்டு விடுவது என்றால் நகப்பாலிஷ். சின்ன வயதிலிருந்தே அவள் நகத்துக்கு நான்தான் பொறுப்பு. சாதாரணச் சிவப்பு பிளவை மறைக்காது என்று எங்களுக்குத் தெரியும். பள்ளத்தில் பாலிஷ் தேங்கி, பிளவு முன்னைவிட அழுத்தமாகத் தெரியும். மேலே ஜிகினாப் பூச்சு ஒன்று போட்டால்தான் பார்க்கிறவர் கண் மினுக்கத்திலேயே நின்றுவிடும், பள்ளத்துக்குப் போகாது. "வாரேன் கண்ணு, கண்டிப்பா வாரேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது அத்தையும் மறுக்கவில்லை. "ஒரே தங்கச்சி. போயிட்டு வா, கோளிய நாங்க பாத்துக்கறோம்" என்றார். நாமக்கல்லில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலூர். ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அம்மா வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. மூன்று நாள் என்பதை நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு யாராவது கொடுக்கும் காப்பியைக் குடிப்பேன் என்று நினைப்பேன். அதற்குமேல் எனக்கு ஆசைப்படத் தெரியவில்லை.

எந்த ஜிகினா நிற்கும் என்று முதலில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கல்யாணப் பெண்ணின் கை சும்மா இருக்காது. மஞ்சள், சந்தனம், தண்ணீர், எண்ணெய் என்று எல்லாவற்றிலும் புரளும். அதையெல்லாம் தாங்குமா என்று சோதிக்க என் கையைவிட நல்ல கை எங்கே கிடைக்கும்? தீவனத்தில் மக்காச்சோளமும் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கிளிஞ்சலும் சேர்த்துக் கையாலேயே கிளறுவோம். கிளிஞ்சல் உப்புத்தாள் மாதிரி விரலைத் தேய்க்கும். அதில் நின்ற பூச்சு எந்தக் கல்யாணத்திலும் நிற்கும்.

மூன்று பாட்டில் சேர்ந்தது. ஒன்று நாமக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கியது, நிறமில்லாத பாலிஷில் வெள்ளி ஜிகினா மிதக்கும். இன்னொன்று வீட்டுக்காரர் தீவன விஷயமாகச் சேலம் போனபோது கெஞ்சி வாங்கி வரச் சொன்னது. அதில் தங்க நிறத்தில் மாவு மாதிரி நைஸான தூள். மூன்றாவது, லாரியில் பம்பாய்க்கு லோடு அடிக்கும் என் பெரியப்பா மகன் கொண்டுவந்து கொடுத்தது. பச்சை, நீலம், ரோஸ் எல்லாம் கலந்த சின்னச் சின்னத் துணுக்குகள். பாட்டிலைப் பார்த்தாலே கண் கூசும்.

இடது கையில் ஐந்து விரலுக்கும் சிவப்பை இரண்டு தரம் பூசிக் காயவிட்டேன். ஆள்காட்டி விரலுக்கு நாமக்கல், நடுவிரலுக்குச் சேலம், மோதிர விரலுக்குப் பம்பாய். மற்ற இரண்டும் சிவப்போடு நின்றன. மோதிர விரல் நகத்தில் முன்கூட்டியே பிளேடால் நீளமாக ஒரு கோடு கீறி வைத்திருந்தேன், தங்கையின் பிளவுக்குப் பதிலாக. ஜிகினாப் பாட்டிலைக் குலுக்கக்கூடாது, குலுக்கினால் குமிழி வரும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்ட வேண்டும். பிரஷ்ஷால் இழுக்கவும் கூடாது. இழுத்தால் பாலிஷ் மட்டும் நகத்தில் தங்கும், ஜிகினா எல்லாம் பிரஷ்ஷோடு ஓரத்துக்கு ஓடிவிடும். சொட்டு வைத்து ஒற்றியெடுக்க வேண்டும். இதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் பாவாடை கட்டும் வயதிலேயே கைவந்த விஷயம்.

நாமக்கல் ஜிகினா முதல் நாள் ஜோராக இருந்தது. ஆனால் மேல்பரப்பு பூனை நாக்கு மாதிரி சொரசொரத்தது. தலை வாரினால் முடி மாட்டும், சேலை கட்டினால் நூல் மாட்டும். மறுநாள் தீவனம் கிளறும்போது துணுக்கு துணுக்காக உதிர்ந்து, என் கண் முன்னாலேயே புண்ணாக்கில் கலந்தது. சேலத்துத் தங்கத்தூள் உதிரவே இல்லை. உதிர்ந்தால் என்ன, உதிராவிட்டால் என்ன? மஞ்சள் தண்ணீரில் விரலை விட்டெடுத்ததுபோல் மங்கலாகக் கிடந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் ஏதோ இருக்கிறது என்று தெரியும். பிளவை மறைக்க அதனால் ஆகாது.

பம்பாய்ப் பாட்டில்தான் பாட்டில். காய்வதற்கு மட்டும் பொறுமை வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக வைத்தால் மேலே காய்ந்து உள்ளே கொழகொழவென்று இருக்கும், அதனால் மெல்லியதாக இரண்டு தடவை. காய்ந்த பிறகு கிளிஞ்சலும் அதை ஒன்றும் செய்யவில்லை, பாத்திரம் தேய்க்கும் சாம்பலும் ஒன்றும் செய்யவில்லை. நான் கீறிய கோட்டை நானே தேடினேன், கிடைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

பம்பாய்தான் உசத்தி என்று கோழிகளும் முடிவு செய்தன. முட்டை எடுக்கக் கையை நீட்டினால் கூண்டுக் கம்பிக்கு வெளியே தலை நீண்டு, டொக்கென்று மோதிர விரலில் ஒரு கொத்து. அடுத்த கூண்டில் அடுத்த கொத்து. மங்கல் தங்கத்தை ஒரு கோழிகூடச் சீந்தவில்லை. சில கோழிகள் கொத்தாமல் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு என் கையை நின்று பார்த்தது அந்தக் கோழிகள்தான்.

அந்த வாரத்தில்தான் முட்டை குறைய ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு பார்த்தாலே தெரிகிற மாதிரி. சாயங்காலம் அட்டைகள் பாதி காலியாகத் திரும்பி வந்தன. அத்தை கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். நான் சோறு போடும்போது அவர் பார்வை என் கையில் வந்து நின்றது.

"இதென்ன புள்ள வெரல்ல மினுக்குது?"

சொன்னேன். தங்கச்சிக்குப் போடுவதற்காகப் பார்க்கிறேன் என்றேன்.

"கலர்ச் சேலைகூடக் கட்டாம உள்ள போய்ட்டு வாரோம். நீ நெகத்துல ஜிகினா ஒட்டிக்கிட்டுப் போறியா? கோளி மெரளாம என்ன பண்ணும்?"

"மெரளலீங்க அத்தை. கொத்துதுங்க."

"மெரளாம எதுக்குக் கொத்துது?"

கோழியின் மனசு எனக்கு எப்படித் தெரியும்? நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அத வழிச்சுப் போடு" என்றார். "முட்டை ஏறட்டும். அப்பறம் ஊருக்குப் போறதப் பாத்துக்கலாம்."

பாலிஷ் அழிக்கும் தண்ணீரெல்லாம் எங்கள் பக்கம் கேள்விப்பட்டதோடு சரி. பாலிஷ்மேலேயே புதுப் பாலிஷைத் தடவி, காய்வதற்குள் துணியால் துடைத்தால் பழையதும் சேர்ந்து வந்துவிடும். சிவப்பு அப்படித்தான் வந்தது. ஜிகினா வரவில்லை. நன்றாக நிற்கும் பூச்சுக்கு அதுதான் குறை, வேண்டாம் என்னும்போதும் நிற்கும். பிளேடால் சுரண்டினேன். நகத்தின் மேல்தோல் பொருக்குப் பொருக்காக உரிந்தது. சுரண்டச் சுரண்டக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் அலுத்துவிட்டது.

நகம் வெறுமையான பிறகும் முட்டை ஏறவில்லை. சில நாள் கழித்து வீட்டுக்காரர் புண்ணாக்கு மூட்டை ஒன்றைப் பிரித்தார். அடியில் பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. முந்தின மழையில் கூரை ஒழுகி மூட்டைகள் நனைந்திருக்கின்றன, யாரும் கவனிக்கவில்லை. இருந்ததையெல்லாம் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் புதுப் புண்ணாக்கு இறக்கினார்கள். முட்டை மெதுவாக ஏறியது. இப்போது ஏதாவது சொல்வார்கள் என்று நான் அடுப்படியில் காத்திருந்தேன். என் நகம் என்று ஒரு பேச்சு நடந்ததே அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்குள் நான் அம்மா வீட்டில் இருந்திருக்க வேண்டிய மூன்று நாளும் போய்விட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தைதான் ஆரம்பித்தார். "முட்டை இப்பத்தான் ஏறுது. காத்தால மொதல் பஸ்ஸுக்குப் போயிட்டுப் பொழுதோட வந்துரு சாமி." குரலில் கடுமை இல்லை. சாமி என்றுகூடச் சொன்னார். கடுமையாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். சரீங்க என்று சொல்லிவிட்டு, பம்பாய்ப் பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

மண்டபத்துக்குள் நான் நுழைந்தபோது முகூர்த்தத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்களோடு சேர்ந்து, ஊர்க்காரர்கள் வந்த நேரத்துக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அக்கா நான். பன்னீர் தெளிக்க நின்றிருந்த பெண் எனக்கும் தெளித்து, "உள்ள வாங்க" என்றாள். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

தங்கை கூறைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். என்னைப் பார்த்ததும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பாள், கேட்கட்டும் என்று தயாராகத்தான் போனேன். அவள் கேட்கவில்லை. கைகள் இரண்டையும் என் முன்னால் நீட்டினாள். பத்து விரலிலும் சிவப்பு, அவளே பூசியது. வலது கையில் கோணல் மாணலாக, தோலெல்லாம் பட்டிருந்தது. கட்டைவிரல் பிளவில் சிவப்பு தேங்கிக் கறுத்து நின்றது.

"மேல்பூச்சு உனக்குன்னு உட்டு வெச்சேன்" என்றாள்.

வாசலில் யாரோ, "பொண்ணக் கூட்டிட்டு வாங்க, நேரமாவுது" என்றார்கள். பத்து விரலுக்குப் பூசிக் காய வைக்க அரை மணி நேரமாவது வேண்டும். ஈரத்தோடு கூறைச் சேலையைத் தொட்டால் சேலையும் போகும், நகமும் போகும். நான் பாட்டிலை உருட்டிக்கொண்டே எதைச் செய்வது என்று தெரியாமல் நின்றேன். அவள் மற்ற விரல்களை மடக்கிக் கட்டைவிரலை மட்டும் நீட்டினாள்.

"இது ஒண்ணு போதுமக்கா."

இத்தனை நாளில் பாலிஷ் கெட்டியாகிவிட்டிருந்தது. பிரஷ்ஷில் வரவில்லை. ஒரு சொட்டை வைத்து, என் ஆள்காட்டி விரல் நுனியாலேயே ஜிகினாவைப் பிளவுக்குள் ஒற்றினேன். அவள் விரலை அசைக்காமல் நீட்டியபடி இருந்தாள். பாதி ஊதிக்கொண்டிருக்கும்போதே அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் கைகோர்வை என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோர்த்துக்கொண்டு சுற்றி வருவார்கள். மங்கல வாழ்த்தையோ மேளத்தையோ நான் கேட்கவில்லை, கூட்டத்துக்குப் பின்னால் நின்று அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எதிலும் படாமல் அவள் தனியாகத் தூக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அது மின்னியது. காய்ந்துவிடு, காய்ந்துவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

காய்ந்தது. பிளவும் தெரியவில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேருமே யோசிக்காத ஒன்று நடந்தது. ஒன்பது விரல் சிவப்பாக இருந்து ஒன்று மட்டும் ஜொலித்தால் யார் கண்ணும் அங்கேதானே போகும்? எதை மறைக்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டோமோ, அதையே வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் கையைப் பிடித்துக் கேட்டார்.

"ஏங்கண்ணு, இந்த ஒரு வெரலுக்கு மட்டும் போட்டிருக்கறே?"

தங்கை முந்தானைக்குள் கையை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

"எங்கக்கா போட்டு உட்டதுங்க. அக்காவுக்கு இவ்வளவுதான் நேரம் இருந்துச்சு."

என்னைக் குறை சொல்லும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. நான் பந்தி பரிமாறும் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். காலை முட்டையை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்காரர் பைக்கில் வந்தார். மொய் எழுதினார், சாப்பிட்டார், வெற்றிலை போட்டார். "கெளம்பலாமா, பொழுதாவுது" என்றார். தங்கையிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவளை ஃபோட்டோவுக்கு நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்தே கட்டைவிரலை ஆட்டிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டுச் சேலையை அவிழ்த்துப்போட்டுப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, காக்கிச் சட்டையை மாட்டினேன். "கல்யாணம் நல்லபடியா ஆச்சா?" என்று அத்தை கேட்டார். ஆச்சுங்க என்றேன். அட்டைகளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். பழகின உடுப்பு, ஒரு கோழியும் மிரளவில்லை.

வரிசையின் பாதியில் ஒரு கூண்டில் முட்டைக்குக் கையை நீட்டினேன். ஒரு கோழி தலையை வெளியே விட்டு, சாய்த்து, ஒற்றைக் கண்ணால் என் விரலைப் பார்த்தது. ஆள்காட்டி விரல் நுனியில், தங்கையின் பிளவுக்குள் ஒற்றியபோது ஒட்டிக்கொண்ட ஒரு துணுக்கு, நீல நிறத்தில். சாப்பிட்டுக் கை கழுவியும் போகாமல் இருந்திருக்கிறது. காலையிலிருந்து அத்தனை பேர் நடுவில் நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

அங்கேயே நின்று அழுதேன். அழுகிற சத்தம் கேட்டால் கோழி மிரளும் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கையை மட்டும் எடுக்கவில்லை. அது இரண்டு மூன்று தரம் கொத்தி, அந்தத் துணுக்கை எடுத்துக்கொண்டது. நான் முட்டையை அட்டையில் வைத்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனேன்.